சித்தி கொடுத்த வேணி

நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் முந்தாநாள் வந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வடக்கே சுற்றுலா போகப் போகிறீர்கள். காடு, அருவி, பிரயாகை, காசி, பூரி கடற்கரை, ஒன்றையும் விடவில்லை. நல்லது, போய் வாருங்கள். முட்டி வலி மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களில் ஒருத்தி, பெயரைச் சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும், "பிரயாகையில ஜோடி ஜோடியா வேணி தானம் பண்ணிக்கலாம், இவளையும் இவ ஆத்துக்காரரையும் முதல்ல உக்கார வெக்கணும்" என்று எழுதி, கீழே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகளைப் போட்டிருக்கிறாள். அடியே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது.

அந்த வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், வேணி என்றால் பின்னல். கங்கையும் யமுனையும் கூடும் இடத்தில், படகில் வைத்து, கணவன் தன் மனைவியின் தலையை வாரிப் பின்னிப் பூ வைத்து, பின்னலின் நுனியைக் கத்தரித்து ஆற்றில் விடுவான். மனைவி தீர்க்க சுமங்கலியாக இருப்பாளாம். எங்கள் சித்திக்கு அது நடந்தபோது எனக்குப் பத்து வயது. பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சித்தி, அம்மாவின் தங்கை. அவளுக்கு முழங்காலைத் தொடும் முடி. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் உலர்த்த உட்கார்ந்தால், பக்கத்து வீட்டு மாமிகள் துணி எடுக்கிற சாக்கில் மாடியேறி வந்து பார்ப்பார்கள். பின்னல் நுனியில் கறுப்புப் பட்டு நூலில் மூன்று உருண்டை தொங்கும் குஞ்சலம் கட்டியிருப்பாள். நடந்தால் அது முழங்காலில் பட்டுப் பட்டுத் தெறிக்கும். இப்போது குஞ்சலம் எங்கேயடி கிடைக்கிறது? நாட்டியக்காரப் பெண்களுக்கு வாடகைக்குத் தருகிறார்களாம்.

அந்தக் கோடை விடுமுறையின் தொடக்கத்தில் சித்தி இடது கையில் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். "மாடிப்படியில விழுந்துட்டா" என்று அம்மா கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். சித்தி குடியிருந்த வீட்டில் மாடிப்படியே கிடையாது. அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

சித்தப்பா தேனாம்பேட்டையில் ஓர் ஆபீசில் அதிகாரி. வெளியில் தங்கமான மனிதர். மெதுவாகப் பேசுவார், எனக்குச் சாக்லேட் வாங்கி வருவார், கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பார். ஒருநாள் மத்தியானம் நான் தூங்குவதாக நினைத்து அக்காவும் தங்கையும் அடுப்பங்கரையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"முடியைக் கையில சுத்திப் பிடிச்சுக்கறார் அக்கா. அப்புறம் எங்க ஓடறது? சுவத்துல கொண்டு போய் இடிப்பார். இந்தத் தடவை கையோட போச்சு. அடுத்த தடவை நான் இருக்க மாட்டேன்."

"அசட்டுப்பிசட்டுனு பேசாதே."

"இதை வெட்டிடட்டுமா அக்கா?"

"சுமங்கலி முடியை வெட்டறதாவது! வாயைக் கழுவு."

அவ்வளவுதான். அம்மா கறிவேப்பிலை ஆய ஆரம்பித்துவிட்டாள். சித்தி திரும்பிப் போகக் கூடாது, போனால் செத்துப்போவாள் என்று பத்து வயதில் எனக்குப் புரிந்தது. வேட்டி கட்டிய, கண்ணாடி போட்ட, கணக்கு வாத்தியாரான என் அப்பாவுக்குப் புரியவில்லை.

ஒரு சாயங்காலம் அம்மா, சித்தி, நான் மூவரும் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடந்து போனோம். சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். பின்னாலிருந்து சித்தப்பா வந்ததை நாங்கள் பார்க்கவில்லை. ஆபீசிலிருந்து நேரே வந்திருந்தார். காலில் ஷூ. குனிந்து, சித்தியின் பின்னலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார், இன்னொரு சுற்றுச் சுற்றினார், இழுத்தார். சித்தி மல்லாந்து விழுந்தாள். மாவுக்கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் தேய்ந்துகொண்டே போனாள். ஒரு வார்த்தை பேசாமல் இழுத்துக்கொண்டு போனார் அவர். அம்மா "ஐயோ, நாலு பேர் பாக்கறா, விடுங்கோ" என்று பின்னாலேயே ஓடினாள். அடிக்கிறார் என்று அவள் சொல்லவில்லை, நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுதான் சொன்னாள்.

சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாள்தான் முதலில் எழுந்தாள். மீன் வெட்டுகிற கத்தி கையிலேயே இருந்தது. "யோவ்! வுடுய்யா கைய! இன்னா நெனச்சிக்கினு கீற? பொம்பளைய இப்டியா இஸ்துக்கினு போவ, கஸ்மாலம்!" என்று கத்தினாள். பக்கத்துக் கடைப் பெண்களும் எழுந்து வந்தார்கள். ஒருத்தி ஐஸ் கரைந்த மீன் தண்ணீரை வாளியோடு சித்தப்பாவின் முகத்தில் வீசினாள். அவர் பின்னலை விட்டார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, சாலையைக் கடந்து போனார். சித்தியின் முதுகு முழுக்கத் தோல் வழன்றிருந்தது.

வீட்டில் அப்பா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "மீன்காரா எல்லாம் பாத்தாளா?" என்பதுதான். எனக்கு இன்றைக்கும் அப்பா மேல் அந்தக் கோபம் ஆறவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார், சொல்லக் கூடாது, ஆனாலும் ஆறவில்லை.

குடும்ப விவகாரம் தெருவுக்கு வந்துவிட்டது, கொஞ்ச நாள் ஊரில் இருக்க வேண்டாம், பிரயாகை வரைக்கும் போய்த் தீர்த்தமாடிவிட்டு வரலாம் என்று அப்பா முடிவெடுத்தார். தி.நகரில் அவருடைய சிநேகிதர் ஒருவர் சுற்றுலா வேன் வைத்திருந்தார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர் ஒருவர் அதற்கு டிரைவர். அப்பா, அம்மா, சித்தி, நான், டிரைவர். ஸ்டவ், அரிசி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய் எல்லாம் ஏறின. அம்மா மடியில் ஒரு பித்தளைக் கூஜா. திருகு மூடி போட்டது, கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது, தண்ணீர் நிரம்பினால் என்னால் தூக்க முடியாது. வழி நெடுக அவள் அதைக் கீழே வைக்கவே இல்லை.

சித்திக்குச் சந்தோஷம். அதைச் சொல்லியே ஆகவேண்டும். கூடூர் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடியைத் திறந்து முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள். கிருஷ்ணா பாலத்தில் வேனை நிறுத்தச் சொல்லி ஆற்றில் காசு போட்டாள். "கொழந்தே, இந்தியா எவ்வளவு பெரிசு பாத்தியா? அவர் தேடணும்னாக்கூட எங்கன்னு தேடுவார்?" என்று என் காதில் சொன்னாள்.

பாவி, அவர் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஹைதராபாத்தில் சாப்பிட்டு முடித்ததும் அப்பா, "ஸ்கூலுக்கு ஒரு போன் பண்ணணும்" என்று எழுந்து போனார். முந்தின ஊரிலும் அதையேதான் சொன்னார். மே மாதத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்க, யாரோடு பேசுகிறார்? பின்னாலேயே போனேன். எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. "நாக்பூர் தாண்டி ஜபல்பூர், அங்கேருந்து பிரயாகை. நீங்க ரயில்ல நேரா அங்க வந்துடுங்கோ. அவகிட்ட ஒண்ணும் சொல்லலை. கங்கைக் கரையில வெச்சு எல்லாத்தையும் முடிச்சுடலாம்" என்றார் அப்பா. மறுமுனையில் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கூஜா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "பெரியவா பாத்துப்பா. சித்திகிட்ட மூச்சு விடக் கூடாது, விட்டே, தோலை உரிச்சுடுவேன்" என்றாள். சித்தியிடம் ஓடப் பார்த்தேன். கன்னத்தில் பளார் என்று ஒன்று விழுந்தது. அதன் பிறகு பிரயாகை வரைக்கும் அம்மா என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள். நாங்கள் தப்பித்துப் போய்க்கொண்டிருக்கவில்லை, அவரிடமே போய்க்கொண்டிருந்தோம்.

நாக்பூருக்கு முன்னால் ஒரு லாரி எங்கள் வேனை உரசிவிட்டுப் போனது. டிரைவர் விடுவாரா? துரத்திப் போய் மறித்து, ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு குதித்தார். லாரியிலிருந்து ஆட்கள் இறங்கி அவரை நடுரோட்டில் போட்டு மிதித்தார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே இந்தியும் தமிழுமாக என்னவோ சொல்லிக்கொண்டு நின்றார். அவர்கள் போன பிறகு, கிழிந்த உதட்டோடு மரத்தடியில் உட்கார்ந்து டிரைவர் தயிர்சாதம் சாப்பிட்டார். சாதம் சிவந்தது.

சித்தி ஒற்றைக் கையால் துணியை நனைத்துக் கொடுத்தாள். டிரைவர் வாங்கித் துடைத்துக்கொண்டே, "மனசுல வெச்சுக்காதீங்கம்மா. புருசன்னா நாலு அடி அடிக்கத்தான் செய்வான். நானும் எங்கூட்ல கை நீட்றவன்தான். அப்பால நானே போயி சமாதானம் பண்ணிக்குவேன்" என்றார். இவருக்கு யார் சொன்னது என்று சித்தி திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"சமாதானம் பண்ணினா அடிச்ச எடத்துல வலி போயிடுமா?" என்று கேட்டாள்.

டிரைவர் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அத நான் கேட்டதில்லம்மா" என்றார்.

நாக்பூரைத் தாண்டியதும் காடு. தேக்கு மரம் இலை உதிர்த்து நிற்கிற காடு. வெயில் இறங்குகிற நேரத்தில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். எதிரே சாலையில் ஒரு புள்ளிமான், அதைச் சுற்றிச் செந்நாய்க் கூட்டம். கொன்றுவிட்டுத் தின்னவில்லை அவை. மான் நின்றுகொண்டிருக்கும்போதே வயிற்றுப் பக்கம் பிய்த்துத் தின்றன. அம்மா என் கண்ணைப் பொத்தினாள், விரல் இடுக்கில் பார்த்தேன். மான் கால் மடங்கி உட்கார்ந்தது, தலையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அழுத்தினார், ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு சுலோகம் சொன்னார். சித்தி மட்டும் இமைக்காமல் பார்த்தாள்.

"கத்தவே இல்லை பாத்தியா அது" என்றாள் என்னிடம். "கத்தினா யாரும் வரமாட்டான்னு தெரிஞ்சு போச்சு அதுக்கு."

ஜபல்பூரில் நர்மதை அருவி. வெள்ளைக் கல் மலைக்கு நடுவே ஆறு மொத்தமும் பள்ளத்தில் விழுந்து புகையாக எழும்பும். நீங்களும் பார்க்கப் போகிறீர்கள், கம்பிக்கு அப்பால் எட்டிப் பார்க்காதீர்கள். சித்தி எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, ஓடிப்போய் அவள் பின்னலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். சித்தி திரும்பினாள். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"நீயும் இதையா அக்கா பிடிக்கணும்?"

அம்மா கையை உதறிக்கொண்டாள், அடுப்பைத் தொட்டுவிட்ட மாதிரி. அன்று முழுக்க அம்மா சாப்பிடவில்லை. தலைவலி என்றாள்.

பிரயாகையில் வேன் போய் நின்றது. கரையில், புது மயில்கண் வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் பையோடு சித்தப்பா நின்றிருந்தார். பக்கத்தில் சாஸ்திரிகள். பல தலைமுறைக்கு முன்னால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன குடும்பத்துக்காரர், நம் தமிழ்தான் பேசுவார். சித்தி வேன் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுவிட்டாள்.

"அத்திம்பேர், நீங்களா வரச் சொன்னேள்?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"அவர் மாறிட்டார். என் கையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கார். வேணி தானம் பண்ணிண்டு புதுசா ஆரம்பிங்கோ. தெருவுல சிரிச்ச குடும்பத்தைக் கங்கை அலம்பி விட்டுடுவா."

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கே ஓடுவாள்? பாஷை தெரியாத ஊர், கொளுத்தும் வெயில், ஒரு கையில் கட்டு. படகில் ஏறினாள்.

படகு நடு ஆற்றுக்குப் போனது. ஒரு பக்கம் கலங்கல் தண்ணீர், இன்னொரு பக்கம் பச்சைத் தண்ணீர். இரண்டும் சேருமிடத்தில் மேடு. இடுப்பளவுதான் ஆழம். சித்தப்பா சித்திக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் முடியை அவிழ்த்து வாரினார். எவ்வளவு பதமாக வாரினார் என்கிறீர்கள்! சிக்கு எடுக்கும்போது வேரில் கை கொடுத்து, வலிக்காமல். மூன்று கால் பிரித்துப் பின்னி, நான் நீட்டிய தட்டிலிருந்து மல்லிகை வைத்து, நுனியில் குஞ்சலமும் கட்டிவிட்டார். அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மாவிடம், "பாத்தியா? நான் சொன்னேனே" என்றார்.

சாஸ்திரிகள் கத்தரிக்கோலைச் சித்தி கையில் கொடுத்தார். "இதை ஒங்க கையால ஆம்படையான் கையில குடுக்கணும். முதல்ல, 'நேக்கு அனுமதி தாங்கோ'ன்னு கேக்கணும். அவர் தந்தேன்னு சொல்வார். நுனியில ரெண்டு விரல்கடை வெட்டுவார். வேற எங்க போட்டாலும் முடி மிதக்கும், இந்தச் சங்கமத்துல மட்டும் மூழ்கிடும். ஷேத்திர மகிமை அது."

படகில் ஏறிய பிறகு சித்தி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "ரெண்டு விரல்கடைதான் குடுக்கணுமா மாமா?"

சாஸ்திரிகள் சிரித்தார். "தானம்தானேம்மா. மனசு எவ்வளவோ அவ்வளவு."

மந்திரம் தொடங்கியது. பின்னலைப் பிடித்திருந்த சித்தப்பாவின் கை மெள்ளத் திரும்பியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பட்டினப்பாக்கத்தில் பார்த்த அதே கை. முகத்தில் சிரிப்பு மாறாமல் குனிந்து அவள் காதில் சொன்னார். தட்டோடு உட்கார்ந்திருந்த என் காதிலும் விழுந்தது. "மீன்காரிய விட்டு அசிங்கப்படுத்தினியோல்லியோ? ஆத்துக்கு வா. இருக்கு ஒனக்கு."

நான் தட்டைப் போட்டுவிட்டுக் கத்தினேன். "அப்பா! சித்தப்பா அடிக்கப் போறார்! சித்தப்பா அடிக்கப் போறார்!"

"மந்திரம் சொல்றச்சே என்ன கத்தல்? வாயை மூடு" என்றார் அப்பா.

சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி, "நேக்கு அனுமதி தாங்கோ" என்றாள்.

"தந்தேன்" என்றார் சித்தப்பா. கத்தரிக்கோலுக்காக இன்னொரு கையை நீட்டினார்.

சித்தி கொடுக்கவில்லை. நல்ல கையைப் பின்னால் கொண்டுபோய், பிடரியில், பின்னல் தொடங்குகிற இடத்தில் கத்தரிக்கோலை வைத்தாள். அந்த முடி ஒரே வெட்டில் அறுபடுகிற முடியா? கரக் கரக் என்று சத்தம் கேட்டது. சித்தப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். சித்தியின் தலை பின்னால் மடங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, கத்தரிக்கோல் நுனி காதுக்குக் கீழே கிழித்து ரத்தம் ரவிக்கையில் இறங்கியது. அவள் நிறுத்தவில்லை. அவர் இழுக்க இவள் வெட்ட, படகு ஆட, கடைசி இழை அறுந்தது. இழுத்த வேகத்தில் சித்தப்பா பின்னலோடு மல்லாக்க ஆற்றில் போய் விழுந்தார்.

படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். கையில் சுற்றிய பின்னலோடு சொட்டச் சொட்ட ஏறி வந்தவர், அத்தனை பேருக்கு முன்னால், சித்தியின் கழுத்தைப் பிடித்துப் படகின் விளிம்பில் அவள் தலையை மோதினார். ஒரு மோதல். இன்னொரு மோதல். கத்தரிக்கோல் தண்ணீரில் விழுந்தது. அப்பா, "வேண்டாம், வேண்டாம், புண்ணிய ஷேத்திரம்" என்று சொன்னார். மூன்றாவது தடவை அவள் தலையைத் தூக்கும்போதுதான் அம்மா எழுந்தாள். தண்ணீர் நிரம்பிய கூஜாவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, சித்தப்பாவின் நெற்றியில் இறக்கினாள். பித்தளைச் சத்தம் ஆற்றில் போய்த் திரும்பி வந்தது. அவர் அப்படியே உட்கார்ந்தார். கண் மேல் ரத்தம் வழிந்தது. அம்மா மறுபடியும் ஓங்கினாள்.

"என்னடி பண்றே? பைத்தியமா?" என்று அப்பா கூஜாவைப் பிடித்தார்.

"கையை விடுங்கோ" என்றாள் அம்மா. "இவ்வளவு நாள் பைத்தியமாத்தான் இருந்தேன்."

சாஸ்திரிகள் மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தார். சித்தப்பாவின் கையிலிருந்து பின்னலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்தார். "சங்கல்பம் பண்ணியாச்சு, அனுமதியும் குடுத்தாச்சு, தானம் தானம்தான்" என்று சொல்லி ஆற்றில் போட்டார். கொஞ்ச தூரம் மல்லிகைப்பூவும் குஞ்சலமுமாக நீண்டு போனது, பிறகு முழுகியது. "மூழ்கிடுத்து" என்றார் அப்பா, வியப்போடு. ஒரு பெண் ரத்தம் வழியக் கிடக்கிறாள், இவர் மகிமை பார்க்கிறார்! அடித்திருப்பேன், நான் கொஞ்சம் பெரியவளாக இருந்திருந்தால்.

சித்தப்பாவைக் கரையில் விட்டுவிட்டு, சித்திக்கு ஓர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு, காசி போகாமலே திரும்பினோம். வேனில் டிரைவர்தான் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீங்கம்மா, படகுக்காரன் சொன்னான். எம் பொஞ்சாதிக்கு மட்டும் கூஜா வாங்கித் தரவே கூடாது" என்றார். சித்தி சிரித்தாள். தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "முடி வளர்ந்துடும். அதுக்குள்ள அவர் கோபமும் தணிஞ்சுடும். அப்புறம் ஆற அமரப் பேசிக்கலாம்."

"வளர விட்டாத்தானே அத்திம்பேர்" என்றாள் சித்தி.

திரும்பும் வழியில் பூரியில் நிறுத்தினோம், முரட்டுக் கடல். கரையில் நிற்பவர்களையே காலை வாரும். தையல் நனையக் கூடாது என்று அம்மா கத்தக் கத்தச் சித்தி இறங்கினாள். மாவுக்கட்டுக் கையை மேலே தூக்கிக்கொண்டு அலைக்குத் தலையைக் கொடுத்தாள். அலை போனதும், காது வரைக்கும் கோணல்மாணலாக நின்ற முடியோடு எழுந்து நின்றாள். முடியைப் பிழிய வேண்டியிருக்கவில்லை, தலையைச் சிலுப்பிக்கொண்டாள், அவ்வளவுதான். அம்மா மடியில் நசுங்கிய கூஜாவோடு மணலில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். "இவகிட்ட அன்னிக்கே முடியை வெட்டிக்கோடீன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள்.

ஊர் திரும்பிய சில நாளிலேயே சித்தப்பா மந்தைவெளி வீட்டுக்கு வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. சித்தி வாசல் கதவைத் திறந்தாள், நான் அவள் பின்னால் நின்றேன். "கிளம்பு" என்றார். "வரலை" என்றாள். வழக்கம்போல அவர் கை அவள் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. பின்கழுத்தில் துழாவியது. அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. கை வெறுங்காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது, அவர் அதையே பார்த்தார், என்ன செய்வதென்று தெரியாதவர் மாதிரி. அந்தக் கையை அவர் கீழே இறக்கிக் கதவு நிலையில் ஊன்றியபோது, சித்தி கதவை அறைந்து சாத்தினாள். விரல்கள் நடுவில் மாட்டின. சித்தப்பா கத்தினார். அந்த மனிதர் கத்தி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். தெருவே கேட்டது.

அப்பா பதறி எழுந்து வந்தார். "தொறடி, கதவைத் தொற, நாலு பேர் பாக்கறா!"

அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். நசுங்கின கூஜா கையில் இருந்தது. "பாக்கட்டும்" என்றாள். அப்பா அவளையும் பார்த்தார், கூஜாவையும் பார்த்தார், போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சித்தப்பா விரல்களைப் பிடுங்கிக்கொண்டு போக, வெளியே கத்தல் தெரு முனை வரைக்கும் போய் அடங்கியது. சித்தப்பா பிறகு வரவில்லை.

அந்தக் கூஜா இப்போது இல்லை. என் கல்யாணத்தின்போது பழைய பித்தளைக்காரனிடம் போட்டு எவர்சில்வர் அண்டா வாங்கிவிட்டார்கள். எனக்குக் கொடுத்திருக்கலாம், அதைத்தான் சீராகக் கேட்டிருப்பேன்.

சித்தி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். அடையாறில் தனியாக இருக்கிறாள். தலை முழுக்க நரை, ஆனாலும் மாதம் தவறாமல் கடைக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிடுவாள். காதுக்குக் கீழே அந்தத் தழும்பு நன்றாகத் தெரியும், மறைக்க மாட்டாள். நேற்றுப் போய் உங்கள் சுற்றுலாவைப் பற்றிச் சொன்னேன். "அன்னிக்கு அவசரத்துல கங்கையில முழுக்குப் போடவே இல்லையேடி. நானும் வரேன்" என்கிறாள்.

ஆகவே, அம்மணிகளா, எனக்கும் சித்திக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்கள். ஜன்னலோரம் அவளுக்கு. வேணி தானத்துக்கு மட்டும் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிடாதீர்கள். எங்கள் குடும்பத்துக்கும் சேர்த்து அவள் எப்போதோ கொடுத்தாயிற்று.